பிழைத்தவர் குற்றவாளியா?

மயிலையில் இராயப்பேட்டை நெடுஞ்சாலை வழியே நாளும் பல்லாயிரவர் செல்கின்றனர். தெப்பக்குளத்துப் பக்கம் போவோர், லஸ் முனையில் காய்கறி வாங்கித் திரும்புவோர், பேருந்தைப் பிடிக்க ஓடுவோர் எனப் பலர். இவர்களுள் 126-ஆம் எண் மனையின்முன் ஒரு நொடி நின்று பெயர்ப் பலகையைப் படிப்போர் மிகச் சிலர். படிப்பவரும், "ஆந்திரருக்கு உரியது, நமக்கென்ன?" என்று நடையைக் கட்டுவர். பொட்டி சிறீராமுலு நினைவில்லம் அது.

1952-இல் அங்கிருந்த வீடு புலுசு சாம்பமூர்த்தியுடையது. சென்னைச் சட்டமன்றத்தின் தலைவராக 1937 முதல் வீற்றிருந்தவர் அவர். அந்த வீட்டில் 1952 அக்டோபர் 19-ஆம் நாள் சிறீராமுலு உண்ணாநோன்பு தொடங்கினார். தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாநிலம் வேண்டும் என்பது கோரிக்கை. முதலமைச்சராக இராசகோபாலாச்சாரியார் கோட்டையில் இருந்தார். பிரதமர் நேரு டில்லியில் இருந்தார். நாள்கள் நகர்ந்தன, உடல் உருகிற்று, அரசு அசையவில்லை. 58-ஆம் நாள், டிசம்பர் 15 இரவு, அவர் உயிர் பிரிந்தது. அதன்பின் தெலுங்கு மாவட்டங்கள் கொந்தளித்தன. நான்கே நாளில், டிசம்பர் 19 அன்று, சென்னை நகர் நீங்கலாக ஆந்திர மாநிலம் அமையும் என்று நேரு அறிவித்தார். 1953 அக்டோபர் 1-இல் அது பிறந்தது.

நாம் அந்தக் கிளர்ச்சியின் கோரிக்கை முழுவதையும் ஏற்றவர்களல்லர். தெலுங்கருக்குத் தனி மாநிலம் என்பதில் நமக்கு மாறுபாடில்லை. மொழிவழி மாநிலம் நமக்கும் உகந்ததே. ஆனால் அந்தக் கிளர்ச்சியோடு கலந்து வந்த, சென்னையும் ஆந்திரத்துக்கே என்னும் முழக்கத்தைத் தமிழ் மக்கள் எதிர்த்து நின்றனர், வென்றனர். அது வேறு கதை. மாறுபட்ட கட்சியில் நின்றவரேனும் மனிதர் எத்தகையவர் என்று காண்பதே பண்பாடு. நெல்லூரில் தாழ்த்தப்பட்டோர் கோவிலுக்குள் நுழைய வேண்டுமென்பதற்காகவும் முன்பே பட்டினி கிடந்தவர் சிறீராமுலு. ஆலயக் கதவைத் திறக்கத் தன் வயிற்றைக் காயப்போட்டவரை நாம் எளிதில் தள்ளிவிட மாட்டோம்.

இன்று நாம் அவரை நினைப்பது மாநில எல்லைக்காக அன்று. ஒரு சட்டக் கேள்விக்காக. அந்த 58 நாளும் நாட்டில் இந்தியத் தண்டனைச் சட்டம் நடப்பில் இருந்தது. அதன் 309-ஆம் பிரிவும் இருந்தது. தன்னுயிரைப் போக்க முயன்று, அதற்காக ஏதேனும் செய்பவருக்கு ஓராண்டுவரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது அப்பிரிவு. அவ்வாறாயின், மயிலையில் ஒரு வீட்டின் அறையில் கண்மூடிக் கிடந்தவர் குற்றவாளியா? மாண்டுபோனதால் தியாகி என்று சிலை எழுகிறது; 57-ஆம் நாள் பிழைத்தெழுந்திருந்தால் கூண்டில் ஏறியிருக்க வேண்டுமா?

உலகத்திலுள்ள குற்றங்களில் இதற்கு மட்டும் ஒரு வினோதம் உண்டு. திருடி முடித்தவனுக்குத் தண்டனை, திருட முயன்றவனுக்கும் தண்டனை. கொன்றவனுக்குத் தூக்கு, கொல்ல முயன்றவனுக்குச் சிறை. இங்கோ செயல் முற்றுப்பெற்றால் சட்டம் கைகட்டி நிற்கும். தோற்றால்தான் கைவிலங்கு நீட்டும். பிழைத்ததே குற்றம் என்றாகிறது! இப்படி ஒரு விதியை எந்த மூளை பெற்றெடுத்தது என்று தேடிப் போனால், அது நம் மண்ணில் விளைந்ததன்று என்பது தெரிகிறது.

இங்கிலாந்தில் மாதாகோவிலும் மன்னனும் கூடி வளர்த்த பயிர் அது. உயிர் ஆண்டவனுடையது, உடல் அரசனுடையது. ஆகவே தன்னைத்தான் மாய்த்தவன் இருவருக்கும் துரோகி என்றனர். செத்தவனைத் தண்டிப்பதெப்படி? அவன் சொத்தை மன்னன் பறித்துக்கொண்டான். மனைவியும் மக்களும் தெருவில் நின்றனர். பிணத்தை நாற்சந்தியில் புதைத்தனர்; அதன்மேல் கழியும் அறைந்தனர். 1823-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த நாற்சந்திக் கொடுமையை நிறுத்திற்று. சொத்துப் பறிமுதல் 1870 வரை நீடித்தது. பிரெஞ்சுப் புரட்சியாளர் 1791-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை என்னும் குற்றமே இல்லை. புரோகிதன் பிடியிலிருந்து விடுபட்ட நாட்டில் முதலில் உதிர்ந்த விலங்குகளுள் இதுவும் ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

மெக்காலே 1834-இல் இந்தியா வந்தபோது முதன்முதல் கால்வைத்தது நம் சென்னைக் கரையில்தான். அவர் தலைமையில் 1837-இல் தண்டனைச் சட்ட வரைவு உருவாயிற்று. 1860-இல் அது சட்டமாகி, 1862 சனவரி முதல் நடப்புக்கு வந்தது. அதே சட்டம், சிற்சில மாற்றங்களோடு, பேரரசின் கப்பலேறி இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சென்றது. தமிழன் கூலியாகச் சென்ற இடமெல்லாம் 309-இன் உடன்பிறப்புகளும் சென்றன எனலாம். தோட்டத்தில் அடிபட்டு, கங்காணியிடம் கடன்பட்டு, வாழ வகையற்று உயிரை வெறுத்தவனைச் சட்டம் கேட்டதெல்லாம், "ஏன் சாகத் துணிந்தாய்?" என்பதன்று, "சாகத் துணிய நீ யார்?" என்பதே.

தமிழர் பண்டு இதை எப்படிக் கண்டனர்? புறநானூறு அறிந்தோர்க்குக் கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும், காணாமலே நட்புக் கொண்ட பிசிராந்தையார் வந்து அவனோடு அமர்ந்ததும் தெரியும். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரன் வடக்கிருந்ததும் தெரியும். அதைக் குற்றம் என்று எவரும் முரசறைந்ததாகச் செய்தியில்லை. இதைச் சொல்வதால் வடக்கிருத்தலை இன்றைக்கு வழிகாட்டி என்று தூக்கிப் பிடிக்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. பழமை என்பதால் ஒன்று பெருமையாகிவிடாது. கணவன் இறந்தால் பெண் தீப்பாய்வதையும் அக்காலம் போற்றத்தான் செய்தது. பின்வந்த சாத்திரங்களோ, அதைப் பெண்ணுக்குரிய அறம் என்றே எழுதி வைத்தன. 1829-இல் வங்கத்திலும் அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்திலும் உடன்கட்டை தடைசெய்யப்படும்வரை, பெண்ணின் சாவு புண்ணியம்! அந்தப் புண்ணியத்தைப் பாடிய சமுதாயமே, மாமியார் கொடுமை தாளாது சாக முனைந்த மருமகளைப் பாவி என்றது. ஒன்று சமுதாயம் விரும்பிய சாவு. மற்றொன்று சமுதாயத்தைக் காட்டிக் கொடுக்கும் சாவு. வேறுபாடு அவ்வளவே.

சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைச் சற்று நின்று காண்போம். தியாகராயநகரில் ஒரு துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை பார்க்கும் பெண் ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். அடையாற்றங்கரைக் குடிசையில் வாழ்கிறாள். கடன், குடிகாரக் கணவன், ஊரார் பழி ஆகியவை சேர்ந்து ஓரிரவு அவளை உயிரை வெறுக்கச் செய்கின்றன. அண்டை வீட்டார் ஓடிவந்து மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கின்றனர். அங்கே முதற் கேள்வி உடலைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆனால் 309 இருந்த காலமெல்லாம், முதற் கேள்வி வழக்கைப் பற்றியதாயிருந்தது. "இது போலீஸ் கேஸ், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்" என்று கைவிரித்த தனியார் மருத்துவமனைகள் உண்டு. பொன்னான மணித்துளிகள் வண்டியில் கழிந்தன. "தவறுதலாக நடந்துவிட்டது என்று எழுதிவிடுங்கள் அய்யா" என்று தாய் கெஞ்சினாள். அப்படி எழுதப்பட்ட பொய்கள் எத்தனை ஆயிரம்! பொய் எழுதப்பட்டதால், பெண் ஏன் அந்த முடிவுக்கு வந்தாள் என்பதை எந்த மருத்துவரும் கேட்கவில்லை. உடம்பைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பினர். அதே வீடு, அதே கணவன், அதே கடன். வழியில் காவலருக்குக் கொடுத்த கைக்கூலி வேறு கடனோடு சேர்ந்துகொண்டது.

நீதிமன்றம் வரை சென்று சிறை புகுந்தவர் சிலரே என்பர் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குவோர். இருக்கலாம். கோலை ஓங்கியே வைத்திருப்பவன், "நான் அடிக்கவில்லையே" என்பது போன்ற வாதம் இது. அச்சமே தண்டனை. அந்த அச்சம் உண்மையை மறைத்தது, உதவியை விலக்கிற்று.

அதே நகரில், வேறொரு வழியும் இருக்கிறது என்று காட்டியவர்கள் உண்டு. மனநல மருத்துவர் இலட்சுமி விசயகுமார் 1986-இல் தொடங்கிய 'ஸ்நேகா', மயிலைக்கும் அடையாற்றுக்கும் இடையே இராசா அண்ணாமலைபுரத்திலிருந்து பணியாற்றி வருகிறது. வாழ்வு கசந்தவர் பேச, தன்னார்வத் தொண்டர் செவிகொடுத்துக் கேட்கின்றனர். பெயர் கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை, அறிவுரை என்ற பெயரால் அடிப்பதுமில்லை. 044-24640050 என்ற எண்ணில் இன்றும் பேசலாம். அரசின் 104, 14416 என்ற எண்களும் உள. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறிய மாணவர் ஓராண்டு முழுதும் தலைகுனிந்து கிடக்காமல், உடனே மறுதேர்வு எழுதும் வழியைத் தமிழ்நாட்டு அரசு 2000-க்குப் பின் திறந்தது. அதற்கும் இத்தகைய மருத்துவர்கள் வற்புறுத்தினர். ஒரு தேர்வு அட்டவணையை மாற்றிப் பல பிள்ளைகளைக் காக்கலாம். எந்தக் காவல் நிலையம் அதைச் செய்யும்?

1971-இல் சட்ட ஆணையம் தன் 42-ஆம் அறிக்கையில், இப்பிரிவு கொடியது, நீக்கிவிடுக என்று பரிந்துரைத்தது. 1978-இல் நீக்கும் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை 1979-இல் கலைந்தது, மசோதாவும் கலைந்தது. துன்புற்றோர்க்குக் கட்சியில்லை, வாக்கு வங்கியில்லை. ஆகவே அதை மீண்டும் தூக்கி நிறுத்த எவர்க்கும் அவசரமில்லை.

1994-இல் இரத்தினம் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள், 309 அரசியற் சட்டத்துக்கு முரணானது என்று வெட்டி வீழ்த்தினர். இரண்டே ஆண்டில் அது உயிர்த்தெழுந்தது. எழுப்பிய வழக்கின் கதை கேட்கத்தக்கது. பஞ்சாபில் மருமகளைத் தற்கொலைக்குத் தூண்டினர் என்று தண்டிக்கப்பட்ட மாமியாரும் மாமனாரும் உச்ச நீதிமன்றம் சென்றனர். சாவது ஒருவரின் உரிமை என்று நீங்களே தீர்ப்பளித்துவிட்டீர்கள். உரிமையை நிறைவேற்ற உதவியவர் எப்படிக் குற்றவாளி ஆவோம் என்று கேட்டனர்! மருமகள் சாவில் உரிமைத் தத்துவம் கண்ட பெருமக்கள்! 1996 மார்ச்சில் ஐந்து நீதிபதிகள் அடங்கிய ஆயம், வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்று சொல்லி, தூண்டுவோரைத் தண்டிக்கும் பிரிவோடு 309-ஐயும் நிலைநிறுத்தியது.

அந்த மாமியாரைத் தப்பவிடாத தீர்ப்பை நாம் வரவேற்கிறோம். ஆனால் தூண்டியவனைப் பிடிக்கத் துன்புற்றவரையும் கட்டிவைக்க வேண்டும் என்னும் தேவை எங்கிருந்து வந்தது? இச்சட்டத்தின் தாய்நாடே விடை சொல்லியிருக்கிறதே! இங்கிலாந்து 1961-இல் தற்கொலை குற்றமன்று என்று சட்டம் செய்தது. அதே சட்டத்தின் அடுத்த பிரிவில், தூண்டுவோர்க்குப் பதினான்கு ஆண்டுவரை சிறை என்றது. ஒரே தாளில் இரண்டும் எழுத இடமிருந்தது. தாய் கைவிட்ட விலங்கை மகன் மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கழற்றாமல் வைத்திருந்தான்.

இலங்கை நம்மை முந்திக்கொண்டது. 1998-இலேயே இக்குற்றத்தை நீக்கிற்று. நீக்கினால் நாடெங்கும் சாவு பெருகும் என்று அஞ்சியோர் அங்கே நடந்ததைப் பார்க்கட்டும். கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்து, விற்பனையைக் கட்டுப்படுத்தியதன் பயனாய், 1990-களின் நடுவில் உச்சத்திலிருந்த தற்கொலை விகிதம் பின்னர் பாதிக்கும் கீழே இறங்கியது. சிங்கப்பூர் 2020-இலும் மலேசியா 2023-இலும் அதே வழியில் சென்றன.

இங்கே 2008-இல், 210-ஆம் அறிக்கையில், மீண்டும் நீக்கக் கோரிய சட்ட ஆணையத்தின் தலைவர் நம் தேவகோட்டைக்காரர், நீதிபதி ஏ.ஆர். இலட்சுமணன். இடையே 1997-இல் வைத்துக்கொள்க என்று சொன்ன ஓர் அறிக்கையும் உண்டு. அதன் கதை 1996 தீர்ப்பின் எதிரொலி. 2017-இல் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உயிரைப் போக்க முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கருத வேண்டும். அவரை விசாரிக்கவோ தண்டிக்கவோ கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது அதன் 115-ஆம் பிரிவு. பின்னர் 2023-இல் பழைய தண்டனைச் சட்டமே போய், பாரதிய நியாய சன்கிதா என்று வடமொழிப் பெயர் சூடிய புதியது வந்தது. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நம் நாக்கு ஒரு தண்டனை அனுபவித்துவிடுகிறது.) 2024 சூலை 1 முதல் அது நடப்பில் உள்ளது. அதில் 309-க்கு இடமில்லை.

வென்றோம் என்று வீடு திரும்பலாமா? புதிய சட்டத்தின் 226-ஆம் பிரிவைப் படித்த பின்னரே அதைச் சொல்ல வேண்டும். அரசு ஊழியர் ஒருவரைத் தம் கடமையில் வற்புறுத்தவோ தடுக்கவோ கருதித் தற்கொலைக்கு முயல்பவருக்கு ஓராண்டுவரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூகப் பணி. சொந்தத் துயரால் சாக முனைந்தால் சட்டம் விட்டுவிடும். அரசின் கதவைத் தட்டி முனைந்தால் விடாது! மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பட்டா கேட்டுக் கேட்டுக் கால் தேய்ந்து, கந்துவட்டிக்காரனுக்கு எதிராகக் கொடுத்த மனு கிடப்பில் போடப்பட்டு, ஒருநாள் அந்த வாயிலிலேயே உயிரை வெறுத்து நிற்கும் ஏழை இப்போது யார்? மன உளைச்சலுக்கு ஆளானவரா, அரசை மிரட்டியவரா? அவரைப் பார்த்து 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவரை அழைக்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் காவலரை அழைக்கிறது.

பட்டினிப் போரை நாம் கண்மூடிப் புகழ்பவர்களல்லர். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தியார் பட்டினி கிடந்தது எதற்காக? தாழ்த்தப்பட்டோர்க்குத் தனி வாக்காளர் தொகுதி கூடாது என்பதற்காக. ஒரு மகாத்மாவின் உயிர் தராசின் ஒரு தட்டில் வைக்கப்பட்டது. மறு தட்டில் கோடிக்கணக்கான மக்களின் உரிமை. அம்பேத்கர் வேறு வழியின்றி பூனா உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். வன்முறையற்ற ஆயுதம் என்பர். அதன் கூர்முனை யார்மேல் பாய்ந்தது என்பதை நாம் மறக்கவில்லை. எனினும், அதற்குச் சிறை மருந்தா? மணிப்பூரில் ஐரோம் சர்மிளா 2000 நவம்பரில், ஆயுதப் படைகளின் சிறப்பு அதிகாரச் சட்டத்தை எதிர்த்து உண்ணாநோன்பு தொடங்கினார். 309-இல் கைது செய்தனர். மூக்கில் குழாய் செருகி உணவூட்டினர். தண்டனை ஓராண்டுக்குமேல் இல்லாததால், ஆண்டுதோறும் விடுவிப்பதும் மீண்டும் பிடிப்பதுமாக 2016 ஆகஸ்டு வரை நடந்தது. பதினாறு ஆண்டு! அவர் எழுப்பிய கேள்விக்கு விடை சொல்லாமலிருக்க அரசுக்குக் கிடைத்த திரையே 309. இப்போது அத்திரைக்குப் புதிய எண் 226.

நம் வீட்டுக் கணக்கையும் நாம் பார்த்தாக வேண்டும். சங்கரலிங்கனார் 1956 சூலை 27-இல் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கி, அக்டோபர் 13-இல் மாண்டார். அவர் கேட்டவற்றுள் தமிழ்நாடு என்னும் பெயரும் ஒன்று. 1967 சூலை 18-இல் அண்ணா ஆட்சியில் சட்டமன்றம் அதை ஏற்றது. பதினோர் ஆண்டு தாமதித்து வந்த பெயரை அந்த முதியவர் கேட்கவில்லை. 1965 சனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்துக் கோடம்பாக்கம் சிவலிங்கமும் விருகம்பாக்கம் அரங்கநாதனும் அடுத்தடுத்த நாளில் தீக்குளித்து மாண்டனர். தியாகராயநகரிலிருந்து மேற்கு மாம்பலத்துக்கு ரயில் பாதையின் அடியில் செல்லும் சுரங்கப்பாதைக்கு அரங்கநாதன் பெயர். மழை பெய்தால் நீர் தேங்கும் இடமாக மட்டும் அதை அறிந்தோர் இன்று பலர். அவர்களை நாம் வணங்கினோம், மேடைதோறும் பாடினோம். ஆனால் அவர்கள் பிழைத்திருந்து, இரண்டே ஆண்டில் வந்த வெற்றியை நம்மோடு கண்டிருக்க வேண்டும் என்னும் ஏக்கத்தை அதே அளவு உரக்கச் சொன்னோமா? சொல்லவில்லை. சாவைப் பாடிய நாம், பிழைத்தவரைத் தேற்றும் பாட்டைக் கற்கவில்லை. இயக்கத்தின்பால் அன்புடையோர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களுள் 19,834 பேர் தமிழ்நாட்டினர். மராட்டியத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்தக் கணக்கைத் தொகுப்பது குற்றத்தைப் பதியும் அலுவலகமாக இருப்பதையும் பாருங்கள். முயன்று பிழைத்தவர் தொகை இதனினும் பன்மடங்கு. அவர்களுக்கு உரியது என 115-ஆம் பிரிவு சொன்ன சிகிச்சையும் மறுவாழ்வும் எத்தனை வட்டத் தலைநகர் மருத்துவமனைகளில் கிடைக்கின்றன? மனநல மருத்துவர் எத்தனை ஊரில் உளர்? சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும்போதெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. 226 நீங்க வேண்டும் என்று நாடாளுமன்றத்திலும் கேட்க வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்களுக்கு அதைக் கேட்கத் தனி உரிமையே உண்டு என்பது நம் கருத்து.

மயிலையின் அந்த மனைக்கு அருகே இப்போதும் பேருந்து நிற்கிறது. 1952-இல் 58 நாள் அங்கே ஒருவர் கிடந்தபோது, அரசு அவரைச் சாகவிட்டது. இன்று அதே வீட்டில் ஒருவர் அரசிடம் ஒன்றைக் கேட்டு உணவை மறுத்து அமர்ந்தால், கோரிக்கையைப் படிக்குமுன்பே முதல் தகவல் அறிக்கையில் எழுதிக்கொள்ள ஓர் எண் ஆயத்தமாக இருக்கிறது.